பவாரணையும் உலகப் பேரவையும்



பிக்குகள் மழைக்காலத்தின் மூன்று திங்களையும் ஓரிடத்திலேயே தங்கிக் கழிப்பர். அத்தங்கல் முடிவுற்றுப் பிரிந்து செல்லும் நாளில் அவர்கள் இயற்றும் கருமத்திற்குப் பவாரணை என்பது பெயர். ஒவ்வொரு பிக்குவும் மேலாடையை ஒரு தோளில் இட்டு, குந்தி அமர்ந்து, கரங்குவித்து, தம்மிடத்தில் குற்றம் ஏதேனும் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் இரக்கங்கொண்டு எடுத்துரைக்குமாறு சங்கத்தாரை வேண்டுவார். இவ்வேண்டுகோளை மும்முறை கூறல் வேண்டும். முதலிற் கூற வேண்டியவர் எல்லோரினும் மூத்தவரே. பெரியவரைச் சிறியவர் குறைகூறலாகாது என்னும் உலக வழக்கு அவ்விடத்திற் செல்லாது. சாவத்தி நகரில் மிகாரமாதாவின் மாளிகையில், ஒரு பவாரணை நாளன்று, பகவன் புத்தரே தம் செயலிலும் சொல்லிலும் குறையுண்டோ எனச் சங்கத்தாரை வினவினார் என்று பிடகம் கூறுகின்றது.

“இஃது எம் வீட்டு விவகாரம், அயலார் தலையிட வேண்டா” என்னும் விடைக்கு வினயத்தில் இடமில்லை. அரசுகளோ அந்த விடையை நாவின் நுனியிலேயே வைத்திருக்கின்றன. மனித உரிமைச் சட்டம் என்று இன்று உலகத்தார் கூறுவது, அரசுகளைப் பவாரணைக்கு அழைத்து வர எடுக்கப்படும் முயற்சியேயாம். அம்முயற்சி எவ்வளவு கைகூடிற்று, எங்கே தடைப்பட்டது, நம் போன்றோர்க்கு அதனால் யாது பயன் என்பதை இன்று ஆராய்வோம்.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற உபோசத நாளில் அன்பர் இருவர் இரு வினாக்களை எழுப்பினர். நம் தெருவில் நடக்கும் கொடுமைக்கு ஜெனீவா நகரத்தில் யாது வேலை என்று கேட்டார் ஒருவர். பௌத்தராகிச் சாதியைத் துறந்தோம் என்று கூறிய பின்னர், சாதிக்கொடுமை என்று முறையிடுவது முரணன்றோ என்று கேட்டார் மற்றவர். இரண்டும் நேர்மையான வினாக்கள். இரண்டாவது வினாவை நம் எதிரிகளும் கேட்கின்றனர். ஆகவே அதற்கு விடை தெரிந்திருத்தல் நமக்கு மிக அவசியம்.

முதலில் 1946-ஆம் ஆண்டை மனத்திற் கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்னும் துறைமுகம் உளது. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கிற்று. கரும்புத் தோட்டங்களுக்கென்று கொண்டு செல்லப்பட்ட தென்னாட்டு ஏழைகள் அவர்கள். அவர்களுக்குப் பின்னும் கப்பல் கப்பலாய் மக்கள் சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நிலம் வாங்கவும் விரும்பிய இடத்திற் குடியிருக்கவும் ஒண்ணாதபடி 1946-இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. இந்தியா ஐக்கிய நாடுகள் சபையிடம் முறையிட்டது. இந்தியா அப்போது விடுதலைகூடப் பெற்றிருக்கவில்லை. தூதுக்குழுவின் தலைவராய்ச் சென்றவர் விஜயலட்சுமி பண்டிட். எதிர்த்து நின்றவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். அவர் கூறிய வாதம் ஒன்றே: இஃது எம் உள்நாட்டு விவகாரம், சபையின் சாசனம் 2-ஆம் விதி 7-ஆம் பிரிவின்படி இதில் தலையிட எவர்க்கும் உரிமையில்லை. சாசனத்தின் முகவுரையில் மனித உரிமை என்னும் சொல் இடம்பெற உழைத்தவர்களுள் இந்த ஸ்மட்ஸும் ஒருவர் என்பது அறியத்தக்கது. எழுதும்போது பிறரை எண்ணி எழுதினார். படிக்கும்போதோ தம் நாடும் அதில் அடங்கியிருக்கக் கண்டார்.

அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் 32 நாடுகள் இந்தியாவின் பக்கமும், 15 நாடுகள் எதிர்ப்பக்கமும் வாக்களித்தன. 7 நாடுகள் விலகி நின்றன. ஒரு நாடு தன் எல்லைக்குள் வாழும் மக்களைப் பிறப்பு நோக்கி இழிவு செய்தால் உலகம் அதைக் கேட்கலாம் என்னும் வழி அன்று திறந்தது. திறந்தது இந்தியாவின் கை. இதை மறவாதீர்கள், பின்னர் மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

அதே 1946-ஆம் ஆண்டில் வேறொரு கடிதம் கடல் கடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் இழிநிலை குறித்து ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பம் அளித்தனர் என்னும் செய்தியைக் கண்ணுற்ற பாபாசாகிப் அம்பேத்கர், அம்மக்களின் அறிஞர் டுபாய்ஸ் என்பாருக்கு எழுதினார். இந்தியாவின் தீண்டப்படாதோரும் அவ்வழியே செல்ல எண்ணுகின்றனர் என்று தெரிவித்து, விண்ணப்பத்தின் இரண்டு மூன்று படிகளை வேண்டினார். டுபாய்ஸ் ஜூலை 31-ஆம் நாளிட்டு அன்புடன் விடை எழுதினார். ஆனால் பாபாசாகிப் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவில்லை. ஏன்? 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தபோது வெளியிட்ட அறிக்கையில் அவரே காரணம் கூறினார். ஐக்கிய நாடுகள் சபைக்கென அறிக்கையொன்று ஆயத்தம் செய்திருந்ததையும், அரசியல் நிர்ணய சபைக்கும் வருங்காலப் பாராளுமன்றத்திற்கும் முதலில் வாய்ப்பளிப்பதே முறை என்று கருதி அதை நிறுத்தி வைத்ததையும் அவ்வறிக்கை சொல்கின்றது. அதனை எழுதும்போது அவர் மனம் நொந்திருந்தார் என்பது படிப்போர்க்குப் புலனாகும்.

சமர்ப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் ஊகிக்கலாம். 1947 அக்டோபர் 23-ஆம் நாள் டுபாய்ஸின் பொறுப்பில் உருவான பெரியதொரு விண்ணப்பம் சபையிடம் அளிக்கப்பட்டது. மனித உரிமை ஆணையத்தின் தலைவராய் இருந்தவர் எலினார் ரூஸ்வெல்ட். விண்ணப்பித்த சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் உறுப்பினர். எனினும் தம் நாட்டின் பெயர் கெடும் என்று அதனை ஆதரிக்க அவர் முன்வரவில்லை. சோவியத் நாட்டார் அதனைக் கையிலேந்திப் பேச முற்பட்டனர். கறுப்பின மக்கள்பால் கொண்ட கருணையினும் அமெரிக்காவைக் குத்த ஓர் ஈட்டி கிடைத்த மகிழ்ச்சியே அங்கு மிகுதி என்பது நம் கருத்து. தங்கள் தேசத்துச் சிறைகளைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் அவர்களும் “உள்நாட்டு விவகாரம்” என்றே கூறினர். முயற்சி தோற்றது. அதே ஆண்டில் மனித உரிமை ஆணையமும், தனக்கு வரும் முறையீடுகள்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று தானே தீர்மானித்துக்கொண்டது. ஊரெல்லாம் முறையீடு செய்யலாம், பெட்டியில் விழும், திறப்பார் இல்லை. இந்நிலை மாற இருபது ஆண்டுகள் ஆயின. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் தென்னாப்பிரிக்க நிறவெறியை முன்னிட்டு வற்புறுத்தியதால், 1967-இல்தான் ஆணையம் கொடுமைகளை ஆராயும் உரிமை பெற்றது.

வல்லரசுகள் ஒருவர் வீட்டு ஏழையின் புண்ணை மற்றவர் எடுத்துக் காட்டிச் சண்டையிட்டன. புண் பட்டவனுக்கு மருந்திட்டாரில்லை. இவ்வரசியலை அறியாமல் சட்டத்தை மட்டும் படிப்பவர் ஏமாற்றம் அடைவர். அரசியலை மட்டும் கண்டு சட்டத்தை எள்ளுபவரோ, பகைவர் இருவரின் சண்டைக்கு நடுவிலும் நற்சொற்கள் சில ஏட்டில் ஏறிவிட்டன என்பதைக் காணாது விடுவர்.

அந்நற்சொற்களுள் இரண்டைக் கூறுவோம். 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவர் இல்லை, 8 நாடுகள் விலகி நின்றன, அவற்றுள் தென்னாப்பிரிக்கா ஒன்று, சோவியத் ஒன்று, சவூதி அரேபியா ஒன்று. அதன் முதல் விதியின் வரைவில் ஆடவரைக் குறிக்கும் சொல்லே மனிதர் அனைவரையும் குறிப்பதாக நின்றது. இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையார் வாதாடி அதனை மாற்றுவித்தார். இரண்டாம் விதியில், எவற்றைக் காரணமாகக் காட்டி உரிமை மறுக்கலாகாது என்னும் வரிசையில், பிறப்பு என்னும் சொல்லும் உண்டு. நமக்கு அச்சொல்லின் அருமை தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், பிறப்பால் எவனும் இழிந்தவன் ஆகான் என்று பகவன் ஒரு பிராமணரின் வேள்விக்களத்தில் நின்று மொழிந்தார். உலக நாடுகள் அவ்விடத்தை வந்தடைய அத்தனை காலம் பிடித்தது.

ஆனால் பிரகடனம் உறுதிமொழி. கட்டுப்படுத்தும் சட்டம் அன்று. கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1965 டிசம்பர் 21-ஆம் நாள் வந்தது. இனப்பாகுபாட்டை அறவே ஒழிப்பதற்கான உடன்படிக்கை என்பது அதன் பெயர். அதன் முதல் விதி, எது பாகுபாடு என்று வரையறுக்கும்போது இனம், நிறம், வமிசாவழி, தேசிய அல்லது இனக்குழு மூலம் என்று அடுக்குகின்றது. இவற்றுள் வமிசாவழி என்னும் சொல் இந்தியப் பிரதிநிதிகள் கொணர்ந்த திருத்தத்தால் புகுந்தது. 1968-இல் இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது.

ஏற்ற நாடு காலந்தோறும் அறிக்கை அளித்தல் வேண்டும். பல நாட்டு அறிஞர் பதினெண்மர் அமர்ந்த குழுவொன்று அதனைப் படித்து, அரசின் பிரதிநிதிகளை நேரில் வினவும். பவாரணையின் சாயல் ஈண்டே தோன்றுகின்றது. 1996-இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த அக்குழு, வமிசாவழி என்பது இனத்தை மட்டும் குறிப்பதன்று, பட்டியற் சாதியினரின் நிலையும் உடன்படிக்கைக்குள் அடங்கும் என்று தெளிவாய்க் கூறிற்று. இந்திய அரசு மறுத்தது. சாதி வேறு, இனம் வேறு. ஆகவே இவ்வுடன்படிக்கையின்கீழ்ச் சாதியைப் பற்றிக் கேட்க இடமில்லை என்பதே அதன் வாதம்.

சாதி வேறு, இனம் வேறு என்பது மெய்யே. அதை நாமும் மறுக்கவில்லை. பாபாசாகிப்பும் சாதிக்கு இனவேற்றுமையே அடிப்படை என்னும் கொள்கையை ஏற்றவரல்லர். ஆனால் உடன்படிக்கை இனம் என்று ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லையே! இரண்டும் ஒன்றேயாயின் வமிசாவழி என்னும் தனிச்சொல் எதற்கு?

வமிசாவழி என்றால் யாது என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நூல் படித்து விளக்க வேண்டுவதில்லை. அன்றைய பம்பாயின் ஆலைகளில் நூற்புப் பகுதியில் நம்மவர் உண்டு. நெசவுப் பகுதியில் இல்லை. ஊதியம் மிகுதியாய் இருந்தது நெசவுப் பகுதியில்தான். காரணம் என்னவெனில், தார் தீர்ந்து புதிய தார் இடும்போது ஊடை நூலின் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதோ என்றனர் மற்றையோர். 1928-ஆம் ஆண்டு வேலை நிறுத்தத்தின்போது பாபாசாகிப் இந்த அநீதியைத் தொழிற்சங்கத்தார் முன் வைத்து, அதனைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வற்புறுத்தினார். அந்த நெசவாளனும் நம் தொழிலாளியும் நிறத்தால் வேறல்லர், மொழியால் வேறல்லர், ஒரே முதலாளியின் ஒரே சங்கொலிக்கு ஓடி வந்தவர். பிரித்தது தந்தையின் பெயர் ஒன்றே. நெய்த துணியை மட்டும் எல்லாச் சாதியாரும் உடுத்தினர்! நாம் ஆலையில் சேர்ந்த காலத்தில் அவ்வகை நாடா மறைந்துவிட்டது. எந்தப் பானையில் எவர் நீர் மொள்வது என்னும் வழக்கு மட்டும் எவரும் எழுதி வைக்காமலே நிலைத்திருந்தது.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று. ஜப்பானில் புராக்குமின் எனப்படுவோர் உளர். முன்னோர் தோற்பணியும் விலங்கறுக்கும் தொழிலும் செய்தவர் என்பதற்காகத் தாழ்த்தப்பட்டோர். உருவத்தால் மற்ற ஜப்பானியரினின்று அவர்களைப் பிரித்தறிய முடியாது. ஆகவே அவர்கள் வாழும் குடியிருப்புகளின் பெயர்களை அச்சிட்டு விற்க, வேலைக்கு ஆளெடுக்கும் கம்பெனிகள் அப்பட்டியல்களை வாங்கி வைத்துக்கொண்டன. இவ்வஞ்சனை 1975-இல் வெளிப்பட்டது. ஜப்பானிய அரசும் வமிசாவழி என்னும் சொல் இவர்களைச் சேராது என்றே வாதிட்டது. குழு 2001-இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. இன்னும் ஒன்று கூறுவோம்; பௌத்தராகிய நாம் இதை மறைத்தல் தகாது. ஜப்பானியப் பௌத்தக் கோயில்கள் சில, இறந்த புராக்குமினுக்கு இட்ட தருமப் பெயரிலேயே இழிவுச் சொல்லைப் பொதிந்து கல்லறையிற் பொறித்தன. பவாரணை பௌத்தர்க்கும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் டர்பனுக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியது அந்நகரிலேதான். ட்ரூரோ கப்பல் கூலிகளை இறக்கிய அதே ஊர். இந்தியாவிலிருந்து தலித் இயக்கத்தினர் திரளாகச் சென்று, வமிசாவழியாலும் தொழிலாலும் வரும் பாகுபாடு மாநாட்டின் முடிவில் இடம்பெற வேண்டும் என்று மன்றாடினர். இந்திய அரசு அதை எதிர்த்தது. சாதிக்கொடுமைக்கு எதிராக எம் அரசியல் சட்டமே உளது, அதை நாங்களே தீர்த்துக்கொள்வோம், இம்மாநாட்டிற்கு அஃது உரியதன்று என்றது. 1946-இல் ஸ்மட்ஸ் உரைத்த வாதம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எவர் வாயில் வந்தது பாருங்கள். மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்னும் சொல் இடம்பெறவில்லை.

ஆயினும் கதவு சாத்தப்படவில்லை. மறு ஆண்டே, 2002 ஆகஸ்டில், அந்தப் பதினெண்மர் குழு 29-ஆம் பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. வமிசாவழிப் பாகுபாடு என்பதில் சாதியும், அதனை ஒத்த பரம்பரை இழிநிலைகளும் அடங்கும் என்பது அதன் முடிவு. 2007-இல் இந்திய அரசு மீண்டும் குழுவின் முன் வந்து பழைய வாதத்தையே கூறிற்று. குழுவும் தன் முடிவில் நின்றது. அதன்பின் 2010-இல் அளிக்க வேண்டியிருந்த அறிக்கை பத்தாண்டுகள் கழிந்தும் அளிக்கப்படவில்லை. பவாரணை நாளில் விகாரையை விட்டு வெளியே போய்விடும் பிக்குவை வினயம் என்ன சொல்லும்?

இனி அன்பரின் முதல் வினாவிற்கு வருவோம். ஜெனீவாவில் உள்ள குழுவிற்குப் போலீஸ் இல்லை, சிறை இல்லை. அதன் சொல் பரிந்துரை மட்டுமே. தனியொருவர் நேரே அக்குழுவிடம் முறையிட வேண்டுமாயின் அவர்தம் அரசு அதற்கெனத் தனியே ஒப்புதல் தந்திருக்க வேண்டும். இந்தியா அதனைத் தரவில்லை. 2008 முதல் மனித உரிமை மன்றத்தில் நாடுதோறும் முறைவைத்து, மற்றெல்லா நாடுகளும் அதனை வினவும் வழக்கம் ஏற்பட்டது. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை வினவப்பட்டது. வினவும் நாடுகளும் தூயவையல்ல. நட்பு நாட்டிடம் மெல்லிய வினாவும் பகை நாட்டிடம் கடிய வினாவும் கேட்பதே வழக்கு. 1947-இல் கறுப்பின மக்களின் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்த அமெரிக்கா, இனப்பாகுபாட்டு உடன்படிக்கையை 1994-இல்தான் ஏற்றது.

இத்தனை குறை உண்டு. எனினும் அயல்நாட்டு ஏட்டில் எழுதிய சொல் நம் ஊர் ஆலை வாசலுக்கு வரும் வழியும் உண்டு. 1997-இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் செய்ததைக் காண்க. வேலை செய்யுமிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைத் தடுக்க அப்போது நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. இந்தியா ஏற்றிருந்த பெண்கள் உரிமை உடன்படிக்கையை நீதிபதிகள் எடுத்துப் படித்து, அதன் துணைகொண்டு அரசியல் சட்டத்திற்குப் பொருள் கண்டு, விதிமுறைகளை வகுத்தனர். பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 2013-இல். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் அவ்விதிமுறைகளே காவலாய் நின்றன.

இரண்டாவது வினா நம் நெஞ்சைத் தொடுவது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகிப்போடு தீட்சை பெற்றோர் சாதியை மனத்தாலும் வாக்காலும் துறந்தனர். ஆனால் அவர்களை ஒடுக்கியோர் துறந்தனரா? இல்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார் பட்டியற் சாதியினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர் சேர்க்கப்பட்டது 1990-இல்தான். ஆக முப்பத்து நான்கு ஆண்டுகள், மதம் மாறியவர்க்குச் சாதி இல்லை என்று மத்திய அரசின் தாளும், சாதி உண்டு என்று தெருவும் கூறிக்கொண்டிருந்தன. கிறிஸ்தவத்தையும் இசுலாத்தையும் தழுவியோர்க்கு 1990-இலும் அப்பாதுகாப்பு நீளவில்லை. வமிசாவழி என்னும் சொல்லின் நுட்பம் இங்கேயே விளங்கும். நீ எதை நம்புகிறாய் என்று அச்சொல் கேட்பதில்லை. உன் பாட்டனை நோக்கி உன்னை இழிவு செய்தார்களா என்று மட்டுமே கேட்கின்றது. நோயைத் துறந்தேன் என்பவன் தொற்றிக்கொண்டவனின் மேல் வழக்குத் தொடுப்பதில் முரண் யாதுமில்லை. நாம் நம் சாதியைக் கோரி முறையிடவில்லை. அவர்கள் நம்மீது எறியும் சாதியைக் குறித்தே முறையிடுகிறோம்.

உபாலி என்பார் சாக்கியரின் நாவிதர். சாக்கிய இளவரசர் அறுவரும் அவரும் ஒருங்கே துறவு பூண வந்தபோது, தம் செருக்கு அடங்கும்பொருட்டு முதலில் உபாலிக்கே துறவளிக்குமாறு அவ்விளவரசரே வேண்டினர். பகவன் அவ்வாறே செய்தார். அதனால் மூத்தோர் ஆனவர் உபாலி. அவரை வணங்கியவர் இளவரசர். பகவனின் பரிநிர்வாணத்திற்குப் பின் இராசகிருகத்தில் முதற் சங்கம் கூடியபோது, வினயத்தின் ஒவ்வொரு விதியும் எங்கே, எவரைக் குறித்து, எக்காரணத்தால் விதிக்கப்பட்டது என்று மகாகாசியபர் வினவ, ஒவ்வொன்றிற்கும் விடை கூறியவர் அந்த நாவிதரே. சங்கத்தின் சட்டம் முழுவதும் அவர் நினைவில் இருந்தது.

சட்டம் தெரிந்தோர் நம்மிடையே மிகச் சிலர். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு குறித்து வைப்போர் அவரினும் சிலர். ஜெனீவாக் குழு அரசின் அறிக்கையை மட்டும் படிப்பதில்லை. மக்கள் அமைப்புகள் அனுப்பும் மாற்று அறிக்கைகளையும் படிக்கின்றது. அவ்வறிக்கைகளுக்கு உயிர் தருவன நாள், இடம், நிகழ்ச்சி, போலீஸ் நிலையத்தில் புகார் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா, முதல் தகவல் அறிக்கையின் எண், மருத்துவச் சான்று, வழக்கின் நிலை ஆகியனவே. “எப்போதும் இப்படித்தான் நடக்கிறது” என்னும் சொல்லை எந்தக் குழுவும் ஏற்காது. கண்டது, கேட்டது, ஐயுற்றது என்று வினயம் பிரித்ததைப் போல், நீங்களும் பிரித்து எழுதுதல் வேண்டும். ஐயுற்றதைக் கண்டதாக எழுதினால் கண்டதையும் நம்பமாட்டார்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பாவிடில் பெயரை வெளியிடலாகாது.

இதற்கென விகாரையில், தம்ம நூல்கள் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். எழுத அறியாத மூத்தோர் ஞாயிறு மாலையில் வந்து சொல்லலாம். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் அமர்ந்து எழுதிக்கொள்வர். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ விரற்குறியோ பெறுவர்.